ஹேச்சரியில் கண் விழித்த கம்பெனி

எனக்குக் கம்ப்யூட்டர் மேல் பெரிய மரியாதையெல்லாம் இருந்ததில்லை. அருள்புரத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருஷம் ஷிப்பிங் பார்த்தவன் நான். அட்டைப்பெட்டிகளை எண்ணி, லிஸ்ட் போட்டு, கண்டெய்னரில் ஏற்றி, சீல் வைத்துத் தூத்துக்குடிக்கு அனுப்புவது என் வேலை. காகிதம் ஒருநாளும் ‘ஹேங்’ ஆனதில்லை என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அப்படிப்பட்ட அப்புசாமி, இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் விஜயதசமி காலையில், பொங்கலூரில் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி ஒன்றின் மூலையறையில் நின்று, ஒரு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான் என்றால் அதற்குக் காரணம் சித்ரகலா. அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

சித்ரகலா அனுப்பர்பாளையத்துக்காரி. அவள் அப்பா அங்கமுத்து பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தொண்ணூற்றொன்பதில் எங்கள் கம்பெனிக்கு லேபிள் டைப் அடிக்க வந்தாள். இரண்டு வருஷத்தில், கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் பெங்களூருக்குக் கிளம்பிப் போக, அந்த அறையின் சாவி இவள் கைக்கு வந்தது. ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும், இது இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பாள்.

“ஏனுங்கண்ணா, உங்க ஃபைல் பீரோ எரிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“காலங்காத்தால உன்ற வாயில நல்ல வார்த்தையே வராதா?”

எங்கள் முதலாளி பொங்கியண்ணன் இந்த விஷயத்தில் என்னையும் மிஞ்சியவர். தோட்டத்தை நம்பியிருந்த குடும்பத்தில் பிறந்து, நாலு தையல் மிஷினில் ஆரம்பித்து, அறுநூறு பேர் வேலை செய்யும் கம்பெனியாக்கியவர். அவர் முன்னால் அபசகுனமாக ஒரு சொல் வரக்கூடாது. நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடாது, ‘நூல் வாங்கோணுமுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், கம்பெனியே போய்விட்டால் என்ன செய்வது என்று சித்ரகலா கேட்க வேண்டியிருந்தது.

கேட்க வைத்தவர்கள் எங்களிடம் துணி வாங்கும் ஐரோப்பா பையர்கள். நாற்பது பக்கத்துக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு கேள்வி, உங்கள் கட்டடத்துக்கு ஏதாவது ஆனால் எங்கள் ஆர்டர் விவரங்கள் எங்கே இருக்கும் என்பது. “ஃபயர் எஞ்சினுக்கு போன் பண்ணுவோம்னு எழுதிரு கண்ணு” என்றார் முதலாளி. அவள் எழுதவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, “ஊடு பூட்டிட்டு வெளியூரு போறப்ப இன்னொரு சாவியப் பங்காளி ஊட்டுல குடுத்துட்டுப் போறமில்லீங்களா, அது மாதிரி ஒண்ணு பண்ணலாமுங்களா?” என்று கேட்டாள். முதலாளிக்கு அது பிடித்துப்போனது. இந்த ஏற்பாட்டுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டிசாஸ்டர் ரெக்கவரி, அதாவது பேரழிவு மீட்பு. முதல் சொல் அவர் காதில் விழக்கூடாது என்று கடைசிவரை ‘டி.ஆர்.’ என்றே சொல்லிச் சமாளித்தாள்.

எனக்குக் கேன்டீனில் வைத்து விளக்கினாள்.

“முன்னெல்லாம் நம்மகிட்ட ஆறு சர்வர் இருந்துச்சில்லீங்கண்ணா. சம்பளத்துக்கு ஒண்ணு, ஸ்டோருக்கு ஒண்ணு, உங்க ஷிப்பிங்குக்கு ஒண்ணுன்னு. இப்ப ஒரே பெட்டிக்குள்ள ஆறும் இருக்குதுங்க.”

“எப்படி, உடைச்சு உள்ள போட்டுட்டியா?”

“இல்லீங்க. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இப்ப வெறும் ஃபைல். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. ஆனா அதுக்கு அது தெரியாதுங்க. தன்னைத் தனிக் கம்ப்யூட்டர்னேதான் நெனச்சுட்டிருக்கும்.”

நான் டீயை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிற மாதிரி தெரியவில்லை.

“ஃபைலா இருக்கறதால காப்பி எடுக்கலாமுங்க. காப்பிய வேற ஊர்ல ஒரு பெட்டியில வெச்சுட்டு, இங்க எதெது மாறுதோ அதை மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கொருக்கா நெட் லைன்ல அனுப்பிட்டே இருந்தா, ரெண்டும் ஒண்ணாவே இருக்கும். இங்க இருக்கறது படுத்துருச்சுன்னா அங்க இருக்கறதை எழுப்பிக்கலாம்.”

“எந்த ஊர்ல?”

அதைத்தான் அவள் பதினைந்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். முதலாளி, டவுனில் இருக்கிற தன் வீட்டையே தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். அந்த வருஷம் மின்வெட்டு எங்களைப் பிழிந்தெடுத்த வருஷம். எந்த ஏரியாவில் எப்போது கரண்ட் போகும் என்று யாருக்கும் தெரியாது. எந்த இடத்தில் கரண்ட் போகவே போகாது என்று அவள் ஊரெல்லாம் விசாரித்தாள். மில், ஆஸ்பத்திரி என்று கணக்குப் போட்டுக் கடைசியில் முதலாளியின் மச்சான் ஆறுச்சாமி பொங்கலூரில் வைத்திருந்த ஹேச்சரியில் போய் நின்றாள். அங்கே மிஷினுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை. கொஞ்ச நேரம் சூடு நின்றாலும் அத்தனை குஞ்சும் போச்சு. அதனால் இரண்டு ஜெனரேட்டர், அதுவும் கைவிட்டால் மூன்றாவதாக ஒன்று, அவற்றுக்குக் காவலாகத் தங்கதுரை என்று ஒரு சூப்பர்வைசர். ஜெனரேட்டர் ஒரு தடவை இருமினால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடுகிற ஆள். அங்கே ஒரு மூலையறை கேட்டு வாங்கினாள்.

கம்பெனியே சிரித்தது. கம்ப்யூட்டரை அடைகாக்க வைக்கிறார்கள் என்று நான்தான் முதலில் கிளப்பிவிட்டேன். முதல் காப்பியை லைனில் அனுப்பினால் எட்டு நாள் ஆகும் என்று, பொங்கலூர்ப் பெட்டியை அருள்புரத்துக்கே கொண்டுவந்து, பக்கத்தில் வைத்துக் காப்பி எடுத்தாள். பிறகு அதைக் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியன்களில் சுற்றி, வேனின் பின்பக்கம் ஏற்றி, தானும் ஏறி மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பல்லடம் ரோட்டில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் டிரைவரைக் கெஞ்சிக்கொண்டே போனாளாம். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், காப்பியை எழுப்பிச் சோதித்துப் பார்த்துவிட்டு வந்தாள். “எழுந்துச்சுங்கண்ணா” என்று சந்தோஷமாகச் சொன்னாள். “மறுபடி நல்லாத் தூங்கச் சொல்லு” என்றேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் வந்தது. அமெரிக்காவில் பாங்குகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. ஆர்டரைக் கேன்சல் பண்ண எந்தப் பையருக்கு எப்போது சாக்குக் கிடைக்கும் என்று திருப்பூரே பயந்து கிடந்தது. எங்களிடம் மிச்சமிருந்த பெரிய ஆர்டர் ஒன்றே ஒன்று. குழந்தைகள் துணி, இரண்டாயிரத்து நூற்று நாற்பது அட்டைப்பெட்டி, இரண்டு கண்டெய்னர். விஜயதசமியன்று மத்தியானம் அருள்புரத்திலிருந்து கிளம்பினால்தான் கப்பலைப் பிடிக்கலாம். கப்பல் போனால் ஆர்டர் போச்சு. அது போனால் தீபாவளிக்கு முன்னால் அறுநூறு பேரை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் பையரிடமிருந்து ஒரு மெயில். எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எந்தக் கலர், எத்தனை பீஸ் என்ற கலவையையே மாற்றிவிட்டார்கள். என் செக்‌ஷனில் எல்லோரும் காலையிலிருந்து பிரித்து அடுக்கி, ஒட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றினோம். வேகத்துக்காகக் காகிதத்தில் எழுதுவதை விட்டுவிட்டோம். அந்த உத்தரவைப் போட்டவன் நான்தான், நம்புங்கள். பெட்டிக்கு வெளியே ஒரு நம்பர் மட்டும் ஒட்டியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது சர்வருக்குத்தான் தெரியும். நாலரை மணிக்குப் பூவாத்தாள் கடைசிப் பெட்டியை ஏற்றி முடித்தாள். இந்த விவரம் தொலைந்தால் அத்தனை பெட்டியையும் கிழித்து முதலிலிருந்து எண்ண வேண்டும், ஐந்து நாள் ஆகும்.

நாலே முக்காலுக்கு நல்ல நேரம். கட்டிங்கில் ஆரம்பித்துத் தையல், அயர்னிங் என்று முதலாளி பூஜை செய்துகொண்டே வந்தார். எல்லா மிஷினும் துடைத்து, நிறுத்தி, பொட்டு வைத்து, செண்டுமல்லி சாத்தியிருந்தது. அன்றைக்கு மிஷினுக்கு ஓய்வு. பூஜை முடிந்தால் மறுநாள் நல்ல நேரத்தில்தான் தொடுவோம். ஊசியைக்கூட எடுக்க மாட்டோம். ஐந்து மணி தாண்டி எல்லோரும் சர்வர் அறை வாசலுக்கு வந்து நின்றோம். உள்ளே சித்ரகலா கீபோர்டில் கை வைத்தபடி திரும்பினாள்.

“சித்தெ நேரம் பொறுங்கய்யா. பத்தே நிமிஷம். கடைசிக் காப்பி பொங்கலூருக்குப் போயிட்டிருக்குதுங்க. இன்னைக்கு எச்சா ஏத்திட்டதால நேரமாகுது.”

முதலாளி எதுவும் சொல்லவில்லை. கையில் தட்டு, தட்டில் சூடம். எனக்குக் காலையிலிருந்து நின்ற கால் வலி, பசி, எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியது.

“நோம்பி நாளும் அதுவுமா சாமியக் காக்க வெப்பியா நீ? நல்ல நேரம் போயிட்டிருக்குது. எல்லா மிசினும் நிக்குது, உன்ற மிசினுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்குது? நிறுத்து அதை!” என்று கத்தினேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. திரும்பி என்னவோ தட்டினாள். ஒவ்வொரு திரையாகக் கறுத்தது. “நின்னுருச்சுங்க” என்றாள்.

முதலாளி உள்ளே வந்தார். சர்வர் பெட்டி வைத்திருந்த அந்த இரும்பு அலமாரிக்கு மாலை சாத்தியிருந்தது. சூடம் காட்டினார். மாவிலையைச் செம்பில் தோய்த்து, மஞ்சள் தண்ணீரை மற்ற மிஷின்களுக்குத் தெளித்த மாதிரியே, சொல்லப்போனால் அதைவிடத் தாராளமாகத் தெளித்தார். பையரெல்லாம் பாராட்டும் மிஷின் அல்லவா. ஈரக் கையாலேயே பெட்டி மேல் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார். செண்டுமல்லிக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு மினுக்கியதை நான் பார்த்தேன். திரைகள்தான் கறுத்திருக்கின்றன, பெட்டி ஓடுகிறது என்று புரிந்தது. புரிந்தும், பேசினால் இன்னும் பத்து நிமிஷம் ஆகுமே என்று பேசாமல் இருந்தேன். சாம்பிராணிப் புகையில் வேறு எந்த வாசனையும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு எல்லா மிஷினும் ஒன்றாக ஓட ஆரம்பித்தது. சர்வர் அறையில் பச்சை விளக்கைக் காணோம். சித்ரகலா பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை அழுத்தியதும் கருகிய நாற்றம் வந்தது. எலக்ட்ரீஷியன் ஓடிவந்து அறைக்கே கரண்டை நிறுத்தினார். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பச்சை அட்டைகள் மேல் மஞ்சள் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. டிஸ்குகள் இருந்த பகுதிதான் அதிகம் கருகியிருந்தது.

“என்னாச்சு கண்ணு?” என்று முதலாளி கேட்டார்.

“தண்ணி எறங்கிருக்குதுங்க.”

அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு போய்த் தன் அறையில் உட்கார்ந்துகொண்டார். வெளியே கண்டெய்னர் லாரிகள் இரண்டும் வந்து நின்றன. நான் என் பெட்டிக் குவியலைப் பார்த்தேன்.

“பொங்கலூர் போலாமுங்கண்ணா. கடைசிக் காப்பி போய்ச் சேந்துருச்சான்னு அங்க போனாத்தான் தெரியும். சேரலைன்னா மூணு மணி வரைக்கும் ஏத்துனதுதான் இருக்கும்” என்றாள் சித்ரகலா. மூன்று மணிக்குப் பிறகுதான் ஆயிரத்துச் சொச்சம் பெட்டி ஏற்றினோம்.

வேனில் ஏறினோம். பல்லடம் தாண்டியதும், “அண்ணா, நான் நிறுத்தலீங்க” என்றாள்.

“தெரியும். லைட்டப் பாத்தேன்.”

“திரைய மட்டும் அணைச்சேன். காப்பி ஓடிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன். தண்ணி தெளிப்பாங்கன்னு தெரியாம இல்லீங்க. ரெண்டு சொட்டு மேலால விழும்னு நெனச்சேன்.” பிறகு, “எங்கப்பா அன்னைக்குச் சுத்தியலைக்கூடத் தொட மாட்டாரு. மிசின ஓட விட்டுட்டு நின்னுருச்சுன்னு சொன்னதா அவருக்குத் தெரிஞ்சா என்ற மூஞ்சியில முழிக்க மாட்டாருங்க” என்றாள்.

“வாய வெச்சுட்டுச் சும்மா இரு. தண்ணி பட்டுது, பெட்டி போச்சு. அவ்வளவுதான். யாரும் கேக்கப் போறதில்ல” என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஹேச்சரி வாசலில் தங்கதுரை எங்களை மடக்கினார். குஞ்சுகளுக்கு நோய் வரக்கூடாது என்று, கத்தரிப்பூக் கலரில் மருந்துத் தண்ணீர் தேக்கிய தொட்டி ஒன்று இருக்கும். அதில் கால் நனைக்காமல் யாரையும் விட மாட்டார். அவசரம் என்று கெஞ்சினாலும், “ஆருக்கா இருந்தாலும் இதுதானுங்க” என்றார். நனைத்துக்கொண்டு ஓடினோம்.

அது ஒரு எட்டடி அறை. ஏ.சி. ஓடியது. ஒரு மேஜை, ஒரு திரை, அடியில் ஒரே ஒரு பெட்டி. சுவருக்கு அந்தப்பக்கம் அன்றைக்குப் பொரிந்த குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. சித்ரகலா உட்கார்ந்து, வரிவரியாக எழுத்து ஓடும் ஒரு ஜன்னலைத் திரையில் திறந்தாள். கடைசி இரண்டு வரியில் விரலை வைத்தாள்.

“அஞ்சு பதினாறு. காப்பி முழுசாச் சேந்தது” என்று படித்தாள். அடுத்த வரி: “அஞ்சு பதினெட்டு. அருள்புரத்துலருந்து பதில் இல்லை.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசி விவரம் இங்கே வந்து சேர்ந்ததற்கும் அங்கே பெட்டி செத்ததற்கும் நடுவில் இரண்டே நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் எங்கள் அறுநூறு பேர் பிழைப்புத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் சுண்டலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தோம்.

“இன்னும் எழுப்பலீங்கண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் ஆரம்பித்தாள். முதலில் யார் யார் உள்ளே வரலாம் என்று தெரிந்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர். அது எழுந்து உட்காரும்வரை மற்றவற்றைத் தொடவில்லை. அடுத்தது விவரமெல்லாம் அடங்கியது. பிறகுதான் சம்பளம், ஸ்டோர், மெயில். கடைசியாக என் ஷிப்பிங். ஒவ்வொன்றும் கறுப்பாக இருந்து, எழுத்து ஓடி, நீலமாகி, எங்கள் கம்பெனிப் பெயரோடு வந்து நின்றது. அருள்புரத்தில் பத்து வருஷமாக நான் பார்த்துச் சலித்த அதே முகப்பு. ஓரத்தில் ‘அருள்புரம் யூனிட்’ என்று போட்டிருந்தது. அதற்குத் தான் பொங்கலூரில் இருப்பது தெரியவில்லை. தான் செத்ததும் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து அடுத்த வேலைக்குத் தயாராக நின்றது.

“கடைசிப் பெட்டி” என்றேன்.

அவள் நம்பரைத் தட்டினாள். இரண்டாயிரத்து நூற்று நாற்பது வந்தது. நாலு வயசு சைஸ், மஞ்சள் பன்னிரண்டு, நீலம் பன்னிரண்டு. கீழே குறிப்பு என்ற இடத்தில் பூவாத்தாள் தன் வழக்கப்படி தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள்: மூலை நசுங்கியிருக்கு, டேப் போடணும். அந்த நசுங்கிய பெட்டி பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் என் குடோனில் இருக்கிறது. அதன் நசுங்கிய மூலை இங்கே இருக்கிறது.

அப்போதுதான் கும்பிட்டேன். கம்ப்யூட்டரையா, அவளையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் கூச்சப்பட்டுக்கொண்டு, “உங்களையும் காட்டட்டுங்களா?” என்று சம்பளக் கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டினாள். அப்புசாமி, டோக்கன் நாற்பத்தேழு, தகப்பனார் பெயர் ராமசாமி, சேர்ந்த தேதி. செத்துப்போன என் அப்பாவின் பெயர் அந்தக் கோழிப் பண்ணை அறையில் பளிச்சென்று எரிந்தது. ஒரு கம்பெனி என்றால் கட்டடமும் மிஷினும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு உடம்பு இருக்கிறது, அதை ஒரு பெண் மடியில் வைத்துக்கொண்டு போய் இன்னொரு ஊரில் வைத்துவிட முடியும் என்று கண்ணால் பார்த்துத்தான் நம்பினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அருள்புரத்தில் எலக்ட்ரீஷியன் வேறு பக்கத்திலிருந்து கரண்ட் இழுத்து லைனுக்கு உயிர் கொடுத்தார். பத்தரை மணிக்குப் பூவாத்தாள் போனில், “அண்ணா, எல்லாம் வந்துருச்சுங்க! லிஸ்ட் பிரிண்ட் ஆகுதுங்க!” என்று கத்தினாள். அவள் அருள்புரத்தில் அடிக்க அடிக்க, எழுத்துகள் எங்கள் முன்னால் பொங்கலூரில் வந்து விழுந்தன.

அந்த நேரத்துக்கு முதலாளி வந்து சேர்ந்தார். வேட்டி நுனியெல்லாம் தொட்டித் தண்ணீரின் கத்தரிப்பூக் கலர். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “எல்லாம் இருக்குதா கண்ணு?” என்றார்.

“இருக்குதுங்க ஐயா.”

“என்ற கையாலயே அழிச்சுட்டேனேன்னு காலையிலருந்து சோறு எறங்கல. சாமிக்குச் செஞ்சதுல என்ன குத்தம்னு தெரியல. நீ காப்பாத்திட்டே” என்றார்.

நான் சித்ரகலாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், பேசாதே என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“உங்க கையில ஒரு குத்தமும் இல்லீங்க ஐயா. நீங்க தெளிக்கறப்ப பெட்டி ஓடிட்டிருந்துச்சு. நின்னுருச்சுன்னு நான் பொய் சொன்னேன்.”

முதலாளி அவளையே பார்த்தார்.

“நிறுத்தியிருந்தாலும், காலையில ஈரத்தோட சுவிட்ச் போட்டா போயிருக்குமல்லோ?” என்றார் மெதுவாக. அவளுக்கு ஒரு வழி விடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. பிடித்துக்கொள் என்று மனதுக்குள் வேண்டினேன்.

“போயிருக்கலாமுங்க. காஞ்சு பொழச்சும் இருக்கலாமுங்க. பொழச்சிருந்தா இந்தக் காப்பியே தேவப்பட்டிருக்காது. அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஓடறத மறைச்சது மட்டும்தான் தெரியும்.”

வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஒருத்தர் தன் கையை நொந்துகொண்டு நிற்கிறாரே என்பதற்காகச் சொன்னாள். அன்றைக்கு ஆறு கம்ப்யூட்டர் ஒரு பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்ததைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. அதற்கு மேல் சும்மா நிற்க வெட்கமாக இருந்தது.

“ஐயா, அவ பத்து நிமிஷம்தான் கேட்டா. குடுக்க விடாமக் கத்துனது நானு. லைட் எரியறதப் பாத்துட்டுச் சும்மா நின்னதும் நாந்தானுங்க.”

“உன்ற சத்தம் கட்டிங் வரைக்கும் கேட்டுது அப்புசாமி. நானும் அந்த வாசல்லதானே நின்னேன். சித்தெ பொறுப்பான்னு ஒரு வார்த்த சொல்லல” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, வலது கையை விரித்துக் காட்டினார்.

“அடுத்த தடவ பத்து நிமிஷம் வேணும்னா கேளு கண்ணு. சூடத்தோட நிக்கறேன், சாமியும் நிக்கும். ஆனா நின்னுருச்சுன்னு நீ சொன்னா அது நின்னிருக்கோணும். உன்ற வார்த்தைய நம்பி, கரண்ட் ஓடற பெட்டி மேல ஈரக் கைய வெச்சேன்.”

சித்ரகலாவின் முகம் வெளுத்துவிட்டது. அதை அவள் யோசித்தே பார்க்கவில்லை. நானும்தான். எத்தனை காப்பி எடுத்து எத்தனை ஊரில் வைத்தாலும் திரும்ப எழுப்ப முடியாத ஒன்று, அந்த அறையில் எங்கள் முன்னால், கத்தரிப்பூக் கலர் வேட்டியோடு நின்றுகொண்டிருந்தது. அவள் குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் தடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“அழுகாத. லாரி நிக்குது. வேலையப் பாரு” என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையில் அடுத்த பெட்டியைத் திறந்தாள்.